பழைய ட்ரக்கில் ஓடாத ஏசியை முழுசாகக் கழற்றுவது: பெல்ட், ஒயர், ஃபயர்வால் ஓட்டை வரை

ஏசி ஓடவில்லை என்றால் ஸ்விட்சை அணைத்துவிட்டு அப்படியே ஓட்டலாம்தான். ஆனால் ஏசி அணைந்திருந்தாலும் இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் கம்ப்ரசரின் கிளட்ச் புல்லி சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே நீளப் பெல்ட் எல்லாவற்றையும் சுற்றும் இன்ஜினில் அந்தப் புல்லியின் பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்துபோகும். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் மூன்றும் ஒன்றாக நிற்கும். இந்த வண்டியில் கம்ப்ரசர் உள்ளே இறுகிவிட்டது, புல்லி பேரிங்கும் கரகரக்கிறது. அதனால் முழுசாக எடுத்துவிடுவதுதான் சரி.

முதல் வேலை கேஸ். ஏசி ஓடவில்லை என்பதால் உள்ளே கேஸ் இல்லை என்று நம்பக்கூடாது. கம்ப்ரசர் இறுகி நின்றதென்றால் பெரும்பாலும் கேஸ் அப்படியே இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் சும்மா நிற்கும் வண்டியிலேயே ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் சுமார் 97 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தாலும் கேஜ் இதே அளவைத்தான் காட்டும். அதை வைத்து எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்ல முடியாது. சர்வீஸ் வால்வில் மரை இருந்தால் முதலில் ஆர்-12 என்ற பழைய கேஸ் போட்டு வந்த சிஸ்டம். அழுத்தி மாட்டும் வகை என்றால் ஆர்-134ஏ. முன்னது ஓசோனைக் கெடுப்பது, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்தப்பட்டது. பின்னது ஓசோனைத் தொடாது, ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இரண்டையுமே காற்றில் திறந்துவிடக்கூடாது. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமும்கூட. ரெக்கவரி மெஷின் உள்ள இடத்தில் உறிஞ்சி எடுத்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். திரவம் கையில் பட்டால் தோல் உறைந்துவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலை வேண்டாம்.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, பெல்ட் போகும் பாதையை ஒரு தாளில் வரைந்துகொண்டு, அதற்குப் பிறகே பெல்ட்டை எடுக்க வேண்டும். ஹோஸ் மூட்டுகளில் எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒன்றை மட்டும் வைத்துத் திருப்பினால் அலுமினியக் குழாய் முறுகிக் கிழியும். கண்டென்சரோ (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பது) கூலிங் காயிலோ (டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விப்பது) வேறு வண்டிக்குப் போகும் என்றால் இந்தக் கிழிசலால் அது வீண். இரும்பு போல்ட் அலுமினியத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு ஊறவிடுங்கள். கம்ப்ரசரைக் கவிழ்த்து எண்ணெயை வடித்துப் பாருங்கள். கருப்பாக, உலோகப் பொடியோடு வந்தால் அந்தப் பொடி கண்டென்சரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் போயிருக்கும்; அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். இந்த எண்ணெய் பெயின்ட்டில் பட்டால் உடனே துடைக்க வேண்டும்.

கம்ப்ரசர் போல்ட்டுகளைத் தளர்த்துமுன் அடியில் கை அல்லது ஜாக் தாங்கலாக இருக்கட்டும். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய ஏ-6 வகை சுமார் 15 கிலோ வரும். பிராக்கெட்டை அவசரப்பட்டு எடுக்கக்கூடாது. பல இன்ஜின்களில் ஆல்டர்னேட்டரோ பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ அதே பிராக்கெட்டில்தான் நிற்கும். கண்டென்சரை இழுக்கும்போது ரேடியேட்டரின் ஃபின்களுக்கு முன்னால் ஓர் அட்டையை நுழைத்துவையுங்கள். கியர் ஆயில் கூலர் கண்டென்சரோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டிருந்தால் அதற்குத் தனிப் பட்டை போட வேண்டும். கண்டென்சரைச் சுற்றி இருந்த ஸ்பாஞ்சு போன இடத்தை மூடாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் ஓரமாக நழுவும்.

அடுத்து பெல்ட். கம்ப்ரசருக்கு மட்டும் தனி வி-பெல்ட் என்றால் அதை எடுத்தாலே போதும். நீளப் பெல்ட் என்றால் இரண்டு வழி. அந்த இன்ஜினுக்கு ஏசி இல்லாத மாடல் வந்திருந்தால் அதன் பெல்ட் எண்ணையும் பாதையையும் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கம்ப்ரசர் இருந்த இடத்தில் சும்மா சுற்றும் பைபாஸ் புல்லி. இரண்டாவது வழியில் பழைய பெல்ட்டே பொருந்தும், பாதையும் மாறாது. முடிந்தால் இதுவே நல்லது. குட்டைப் பெல்ட்தான் என்றால் டென்ஷனரை அதன் நகர்வின் நடுவில் நிறுத்தி, இழுபடாத கயிற்றால் புதிய பாதையை அளக்க வேண்டும். 6பிகே2100 என்று பெல்ட்டில் இருந்தால் 6 வரி (நீளவாக்கில் ஓடும் மேடுகள்), 2100 மில்லிமீட்டர் நீளம். வரியுள்ள புல்லியில் பெல்ட்டின் வரிப் பக்கம் உட்கார வேண்டும். வாட்டர் பம்ப் சுற்றும் திசை மாறவே கூடாது. மாறினால் இன்ஜின் கொதிக்கும். ஆல்டர்னேட்டர் புல்லியைப் பெல்ட் மூன்றில் ஒரு பங்காவது தழுவாவிட்டால், ஹெட்லைட் போட்டதும் கீச்சென்று வழுக்கும்.

ஒயர்களை வெட்ட வேண்டாம். கிளட்ச், பிரஷர் ஸ்விட்ச் கனெக்டர்களைத் தனித்தனியாக மூடி, சூடான பாகங்களில் படாமல் கட்டிவிட்டால் போதும். கிளட்ச்சுக்குத் தனி ஃபியூஸ் என்றால் எடுத்துவிடலாம். ஆனால் ப்ளோயர் ஃபியூஸ் இருக்க வேண்டும், ஹீட்டருக்கு அதே விசிறிதான். ஏசி போட்டால் ஐட்லிங்கை உயர்த்தும் வேக்குவம் டியூப்பைக் கழற்றினால் முனையை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐட்லிங் தடுமாறும். ஹீட்டரின் கதவுகளை இயக்கும் வேக்குவம் டியூப்புகளும் பக்கத்திலேயே ஓடும். அவற்றில் கை வைக்கக்கூடாது.

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர்தான் ஃபயர்வால். கூலிங் காயிலின் குழாய்கள் போன அதன் ஓட்டைகளை மூடாமல் விடுவதுதான் பலரும் செய்வது. அது ஆபத்து. இன்ஜின் பக்கத்துப் புகை கேபினுக்குள் வரும். அதில் மணமில்லாத கார்பன் மோனாக்சைடும் இருக்கும். அலுமினியத் தகட்டை வெட்டி, சூடு தாங்கும் சீலன்ட் தடவி, ரிவெட் அடியுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் ஒருவர் டார்ச் பிடிக்க, இன்ஜின் பக்கம் நின்று பார்த்தால் விட்ட இடைவெளி தெரியும். காயிலை எடுத்த பெட்டியைத் திரும்ப மாட்ட வேண்டும், ப்ளோயர் காற்று அதன் வழியாகத்தான் ஹீட்டருக்குப் போகிறது. முன்கண்ணாடியின் உள்பக்கப் பனி இனி மெதுவாகவே விலகும். ஈரத்தை எடுக்க ஏசி இல்லை.

மிச்சம்: இன்ஜின் சூடானதும் டென்ஷனர் குறி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, புது பெல்ட் கொஞ்சம் ஓடியதும் மறுபடி பார்ப்பது, ரேடியேட்டர் ஓர இடைவெளிகளுக்கு ஸ்பாஞ்சு ஒட்டுவது.