லோங்காங் அப்பன்

பிப்ரவரி 4
பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு மீன் கடையில் முழுச்சிவப்புப் பெண் கப்பி இரண்டு வாங்கினேன். வீட்டில் இருக்கும் சிவப்பு ஆணோடு சேர்த்து ஒரு சிவப்பு வம்சம் தொடங்கத் திட்டம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமே என்று நேற்றே வாளியில் பிடித்து வைத்து, கீழே பொறுக்கிய கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்றைப் போட்டிருந்தேன். தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. மீனுக்குப் பிடிக்கும். அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 19
ஜாவா பாசிக்குள் கண்ணும் வாலுமாக 17 குட்டிகள். தாய் தின்றது போக மிஞ்சியவை. ஆனால் கணக்கு உதைக்கிறது. கப்பி முட்டையிடாது, வயிற்றிலேயே பொரித்துக் குட்டியாகப் போடும். அதற்கு 4 வாரம் வேண்டும். என் ஆணைச் சேர்த்து 15 நாள்தான் ஆகிறது. கடையிலேயே சுமந்து வந்திருக்கிறது. சரி, அடுத்த ஈற்று நம்முடையது.

மார்ச் 11
பூதக்கண்ணாடியோடு அரை நாள் போனது. ஆணுக்கு அடித்துடுப்பு குச்சிபோல் ஒடுங்கி வருகிறது. பெண்ணுக்கு விசிறிபோல் இருக்கிறது, அதையொட்டி வயிற்றில் கரும்புள்ளி. இப்போதே பிரிக்காவிட்டால் அண்ணன் தங்கை என்று பார்க்காது.

மார்ச் 18
இரண்டாம் ஈற்று, 23 குட்டிகள்!

மார்ச் 23
பட்டர்வொர்த்தில் கப்பி வளர்க்கும் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார். "தம்பி, பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தால் விந்தணுவை மாதக்கணக்கில் உள்ளேயே வைத்திருக்கும். இதுக்கும் அப்பன் கடைக்காரன் தொட்டியில்தான் இருக்கலாம்." அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 29
இரண்டாம் ஈற்றின் ஆண்களுக்கு நிறம் வந்தது. சிவப்பு இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் சாம்பல் உடம்பு, ஒரு கரும்புள்ளி, கொஞ்சம் ஆரஞ்சுத் தீற்றல். அம்மா குனிந்து பார்த்தார். "இது லோங்காங் மீனுடா, சாக்கடை மீனு. சின்ன வயசுல நாங்க மைலோ டின்னுல பிடிப்போம். இதையா காசு கொடுத்து வாங்குனே?"

மே 2
அண்ணனிடம் 2 வாரக் குட்டிகள் 10 சொல்லி வைத்திருக்கிறேன், ஆண் பெண் தெரிந்ததும், சேரும் முன்பே பிரித்துவிட. சாம்பல் பயல்களை அம்மா தன் தாமரைத் தொட்டிக்கு எடுத்துக்கொண்டார். மதியத்துக்குள் ஒரு கொசுப்புழு மிச்சமில்லை.