சிவகாசிக்காரன் கையில் ஒரு குழாய்

காலேஜில் சேர்ந்த மூன்றாம் நாளே என் பெயர் காணாமல் போய்விட்டது. எந்த ஊர் என்று கேட்டார்கள், சிவகாசி என்றேன், அவ்வளவுதான், அன்றிலிருந்து 'வெடி'. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும்தான் சொந்தப் பெயர் காதில் விழும், அதற்குள் அது யாரோ என்கிற மாதிரி ஆகிவிட்டதால் இரண்டு தடவை வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் வாங்கியிருக்கிறேன்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் பட்டாசோடு சம்பந்தம் கிடையாது. அப்பா பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் பார்க்கிறவர், ஆடி 18க்குப் புது வருட காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் மார்கழி வரைக்கும் மனிதரை வீட்டில் பார்க்க முடியாது. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனதாகச் சொல்வார். இதை அப்படியே ரூமில் சொன்னேன். சென்னைப் பையன் ஒருவன் ரொம்ப மரியாதையாக, "ஆபீஸ்ல அம்மா என்ன போஸ்ட்ல இருந்தாங்க?" என்றான். எங்கள் பக்கம் ஃபேக்டரி என்று யார் சொல்கிறார்கள், வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், எல்லாமே ஆபீஸ்தான். தீக்குச்சி அடைக்கிற போஸ்ட் என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பாடம் இன்னொரு கூத்து. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். முதல் வாரம் மேத்ஸ் மேடம் மேட்ரிக்ஸ், மேட்ரிக்ஸ் என்று சொல்லிக்கொண்டே போக, சுற்றி இருந்தவர்கள் தலையாட்ட, நானும் ஆட்டினேன். நான்காவது நாள்தான் போர்டை ஒழுங்காகப் பார்க்கிற மாதிரி முன்பெஞ்சில் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் அடைப்புக்குறி, நடுவில் வரிசையாக எண்கள். அட, நம்ம அணி! பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே அதுதானே, குப்புறப் படுத்துக்கொண்டுகூட நேர்மாறு கண்டுபிடிப்பேன். ஊர்க்காரனைச் சென்னையில் மாறுவேஷத்தில் பார்த்த மாதிரி இருந்தது. ஃபிசிக்ஸில் சார் 'டார்க்' என்றபோது மட்டும் ஒரு வகுப்பு முழுக்க வெளிச்சம், இருட்டு என்று எதையோ எழுதிவைத்திருந்தேன். அது திருப்பு விசையாம்.

இதிலெல்லாம் தப்பித்து வந்து மாட்டிக்கொண்டது இ.ஜி.யில், அதாவது எஞ்சினியரிங் கிராஃபிக்ஸில். மினி டிராஃப்டர் என்று ஒரு சாமான், இரண்டு கம்பியும் ஒரு ஸ்கேலுமாக, மடக்கினால் விரியும், விரித்தால் மடங்கும். அதைப் போர்டில் முடுக்குவதற்குள் ஒரு பீரியட் ஓடிவிடும். அப்புறம் ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷன். குறுக்கே ஒரு எக்ஸ் ஒய் கோடு, பொருளை முன்னால் இருந்து பார்த்தால் தெரிவதைக் கோட்டுக்கு மேலே வரைய வேண்டும், மேலே இருந்து பார்த்தால் தெரிவதைக் கீழே வரைய வேண்டும். மேலே இருந்து பார்ப்பதை மேலே வரைந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். "ஃபோர்த் இயர்ல புரியும்" என்றார் சார். பக்கத்தில் இருந்த ஃபோர்த் இயர் அண்ணனிடம் விசாரித்தேன், அவர் இன்னும் அந்த அரியரைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை லீவுக்கு நான்கு ஷீட் பாக்கி. ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய், பிரஸ்ஸில் கிடந்த ஒரு பிளைவுட் பலகையை வாங்கி வந்து, ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து, அம்மா விளக்கை அணைக்கச் சொல்லிச் சொல்லி அவரே தூங்கிப்போன பிறகு, கடைசி ஷீட்டில் அறுங்கோணப் பட்டகத்தை முடித்தேன். எல்லாவற்றையும் சுருட்டிக் கறுப்பு ஷீட் ஹோல்டருக்குள் தள்ளி, தோளில் மாட்டி, பொதிகை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில் ஏறினேன். தீபாவளிக்கு இருபது நாள்கூட இல்லை.

விடியற்காலை தாம்பரத்தில் இறங்கினால் பிளாட்பாரத்தில் பட்டாசுச் சோதனை. ரயிலில் வெடி கொண்டுவந்தால் 3 வருடம் வரை உள்ளே போகலாம் என்பதால் அங்கே யாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கவில்லை.

"தம்பி, எங்கிருந்து வர்றீங்க?"

"சிவகாசி சார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. தோளில் இரண்டடிக்கு மேல் கறுப்புக் குழாய், பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு இரும்புக் கம்பி. அவர் கண் குழாயில் இருந்து கம்பிக்கும், கம்பியில் இருந்து என் முகத்துக்கும் போய் வந்தது. "இதுல என்ன?" என்றார். பயத்தில் எனக்கு எந்த இங்கிலீஷ் வார்த்தையும் வரவில்லை, "அறுங்கோணப் பட்டகம் சார்" என்றேன். இரண்டு பேர் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

மூடியைத் திறக்கச் சொன்னார். நானே ஒவ்வொன்றாக உருவி விரித்துக் காட்டினேன். கடைசி ஷீட் வந்ததும் கையில் வாங்கி, லைட்டுக்கு நேராகப் பிடித்து, வாசிப்பது மாதிரி பார்த்தார். குழாயை ஒருமுறை கவிழ்த்துத் தட்டினார், ரப்பர் துண்டு ஒன்று விழுந்தது. "நானும் டிப்ளமோ மெக்கானிக்கல்தான்" என்றவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஃபர்ஸ்ட் ஆங்கிள்தானே? அப்புறம் ஏன் டாப் வியூ மேல இருக்கு?"

பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் என் நியாயப்படியே வரைந்து வைத்திருக்கிறேன்.

மத்தியானம் சார் அதே இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ரீடூ என்று எழுதினார். "இதை யாருமே உனக்குச் சொல்லலையா?"

"காலைலயே சொன்னாங்க சார்."

"யாரு, சீனியரா?"

"ரயில்வே போலீஸ் சார்."