பசையை எடுப்பதற்கு முன்

எங்கள் வீட்டில் எது விரிசல் விட்டாலும் எல்லோருக்கும் முதலில் கை போவது ஃபெவிக்விக்குக்குத்தான். ஃப்ரிட்ஜ் கதவின் பாட்டில் தட்டு, வாஷிங் மெஷின் மூடி, டேபிள் ஃபேனின் அடிப்பாகம், எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். ஒட்டும், கொஞ்ச நாளில் அதே இடத்தில் விட்டுவிடும். கல்யாணத்துக்கு முன் கோவையில் ஒரு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் யூனிட்டில் (உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்திப் பாகங்கள் செய்யும் இடம்) குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள் நான். எனக்கு விரிசலைப் பார்த்ததும் இரண்டு கேள்விதான் வரும். இது என்ன பிளாஸ்டிக்? ஏன் இந்த இடத்தில் பிளந்தது?

முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பாகத்தின் பின்பக்கமே இருக்கும். கவிழ்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஏபிஎஸ், பிபி, பிஎஸ் என்று பிளாஸ்டிக் வகையின் சுருக்கப் பெயர் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். முக்கோணத்துக்குள் 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், அதாவது பிபி; 6 என்றால் பாலிஸ்டைரீன், அதாவது பிஎஸ். ஒன்றுமே இல்லையா? மறைவான ஓரத்தில் பிளேடால் ஒரு சீவல் எடுத்து, சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் போடுங்கள். பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். வாஷிங் மெஷின் டப்பில் மட்டும் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. விறைப்புக்காக மாக்கல் பொடி மாதிரி ஏதாவது கலந்திருப்பார்கள், பிபியும் மூழ்கிவிடும். ஃப்ரிட்ஜில் காய்கறி வைக்கும் தெளிவான டிரேயை விரலால் சுண்டி, உலோகம் போல 'டிங்' என்றால் அது பாலிஸ்டைரீன்.

அடுத்தது, ஏன் பிளந்தது. போன கோடையில் ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் மூலையிலிருந்து ஒரு கோடு ஓடியிருந்தது. அங்கேதான் மாங்காய் ஊறுகாய் பாட்டில் உட்கார்ந்திருக்கும்.

"ஏங்கண்ணு, பாட்டில் கனம்தானே தாங்கல?" என்றார் அத்தை.

"கனம் மட்டும் இல்லைங்க அத்தை, எண்ணெயுந்தான்."

அத்தை நம்பவில்லை. ஆனால் விஷயம் அதுதான். பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் இரண்டுக்கும் எண்ணெய் ஆகாது. பாரம் இழுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் எண்ணெய் பட்டால், மெல்ல உள்ளே இறங்கி மயிரிழை விரிசல்களைக் கிளப்பிவிடும். பாரம் மட்டும் இருந்தாலோ, எண்ணெய் மட்டும் பட்டாலோ எவ்வளவோ நாள் தாங்கியிருக்கும். இப்போது பாட்டிலின் கீழே ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கிறது.

எண்ணெய் படாத இடமென்றால் நான் அடுத்துச் சந்தேகப்படுவது வெல்ட் லைனை. அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் பாயும்போது, ஸ்க்ரூ ஓட்டை வரும் இடத்தில் இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போய் மறுபடி சேரும். சேர்ந்த இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விழும். பாகத்தில் பலவீனமான இடம் அதுதான்.

எங்கள் மிக்சியின் உடம்பு விட்டதும் அங்கேதான், அடிப்பக்க ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து மேல்நோக்கி. ஏபிஎஸ் என்பதால் எனக்குச் சந்தோஷம். ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். அதனால் இங்கே பசை போட்டு ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்குகிறோம். பழைய கம்ப்யூட்டர் கீபோர்டின் கூட்டில் ஏபிஎஸ் என்று அச்சு இருந்தது. அதை நறுக்கி கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி இறுக்க மூடி வைத்தேன். காலையில் தோசை மாவுப் பதத்தில் இருந்தது. நெயில் பாலிஷ் ரிமூவர் போதாதா என்று கேட்பீர்கள். அசிட்டோனே இல்லாதவை நிறைய வருகின்றன, இருந்தாலும் வாசனையும் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். கெமிக்கல் கடையில் தனி அசிட்டோனாக வாங்குங்கள். அடுப்பு எரியும் பக்கம் கொண்டுபோகவே கூடாது, குப்பென்று பிடிக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்சியைக் கழற்றினேன். விரிசல் முடிகிற நுனியைக் கண்டுபிடித்து, சரியாக அங்கே 2 மி.மீ. டிரில் பிட்டால் ஒரு ஓட்டை. இருக்கிற விரிசல் போதாதென்று ஓட்டை வேறா என்று தோன்றும். கூரான நுனியில்தான் இழுவிசை எல்லாம் குவியும். நுனி வட்டமாகிவிட்டால் விரிசலுக்கு மேலே ஓட வழியில்லை. அப்புறம் உள்பக்கமாக விரிசலை ஒட்டி கத்தியால் 'வி' போலக் கீறி, வெறும் அசிட்டோனை ஒரு தடவை தடவி, பளபளப்பு மங்கியதும் கரைசலை நிரப்பினேன். ஒரேயடியாக அப்பினால் உள்ளே குமிழி விழும். மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இருக்காது. ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுத்தான் மூடினேன்.

மூடும்போது ஸ்க்ரூவை நேராக முறுக்காதீர்கள். முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். 'டக்' என்று பழைய மரையில் விழும். அங்கிருந்து முறுக்கினால் புது மரை வெட்டாது. மெக்கானிக் பலரும் இதைச் செய்வதில்லை, மோட்டார் டிரில்லில் ஒரே அழுத்து. பாதி விரிசல்கள் அப்படிப் பிறப்பவைதான். ஸ்க்ரூ உட்காரும் அந்தக் குழலே பிளந்திருந்தால், மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி மேலே அரால்டைட் பசை பூசினால் போதும்.

பிபி விஷயம் வேறு. அதன்மேல் ஃபெவிக்விக்கும் சரி, எம்-சீலும் சரி, பிடிமானம் இல்லாமல் உரிந்து வரும். அங்கே சால்டரிங் அயர்ன்தான். டீ வடிகட்டியின் எஃகு வலையில் ஒரு துண்டு வெட்டி, விரிசலின் மேல் வைத்து, சூட்டில் அழுத்திப் பதித்துவிட்டு, அதே பிபியில் சீவிய கீற்றை உருக்கி மேலே மூடவேண்டும். பார்க்க அழகாக இருக்காது. புகைக்கு மொட்டை மாடிதான் சரி.

ஃபெவிக்விக்குக்கும் வேலை உண்டு. ரெகுலேட்டர் குமிழில் ஒரு பல் உடைந்து போனால், அந்த இடத்தில் ஆப்ப சோடா தூவி ஒரு சொட்டு விடுங்கள். அந்த நொடியே சுடச்சுட இறுகும். அரத்தால் தேய்த்து வடிவம் கொடுத்துக்கொள்ளலாம். முகத்தைக் கிட்டே வைக்காதீர்கள், ஆவி கண்ணைக் கரிக்கும்.

மிக்சி ஜார் மூடியை மட்டும் நான் தொடுவதில்லை. தெளிவான மூடிகளில் பல பாலிகார்பனேட் என்ற வேறொரு பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் வெளுத்து இன்னும் வெடிக்கும். பசை போட்டால் அது சட்னியில்தான் கலக்கும். பழைய மூடியைக் கையோடு எடுத்துக்கொண்டு ஸ்பேர்ஸ் கடைக்குப் போய்விடுவேன்.