ஜார்ஜியாவில் பெண் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தியது: பணத்தை விடப் பாட்டிகள்தான் கஷ்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்புகிற அமெரிக்க அரசு அமைப்பான பீஸ் கோரில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. மதுரையில் பிளஸ் டூ முடித்துவிட்டு அப்பா அம்மாவோடு நியூ ஜெர்சிக்கு வந்தவள் நான், குடியுரிமை கைக்கு வந்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடிந்தது. அனுப்பிய இடம் ஜார்ஜியா. அட்லாண்டா இருக்கிற ஜார்ஜியா இல்லை, கருங்கடல் ஓரத்து நாடு. என் அத்தை கடைசி வரை நான் அட்லாண்டாவில் இருப்பதாகத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் சுலபம். தேர்வாகிவிட்டீர்கள் என்று கடிதம் வந்த பிறகுதான் அலைச்சல்: ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, பல் எக்ஸ்ரே, போலீஸ் சரிபார்ப்புக்குக் கைரேகை என்று மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் பல் டாக்டரிடம் முன்கூட்டியே நேரம் வாங்கிவிடுங்கள். மொத்தம் 27 மாதம், முதல் மூன்று மாதம் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி மொழி படிக்க வேண்டும். சம்பளம் கிடையாது, உள்ளூர்க்காரர்கள் போல வாழ்கிற அளவுக்குப் படி தருவார்கள்.

முகாமின் பெயர் கேம்ப் க்ளோ, பெண் பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் தலைமைப் பண்பும் வளர்க்கிற முகாம். 1995இல் ருமேனியாவில் பீஸ் கோர் தன்னார்வலர்கள் ஆரம்பித்தது, அப்புறம் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஆனால் தயாராக ஒரு முகாம் நமக்காகக் காத்திருக்காது. உள்ளூர் ஆசிரியை ஒருவரோடு சேர்ந்து நாமே திட்டம் எழுதிப் பணம் கேட்க வேண்டும். நாங்கள் கேட்ட வகை நிதியில் செலவில் 25 சதவீதம் ஊரிலிருந்தே வர வேண்டும் என்பது விதி. காசாகத்தான் வர வேண்டும் என்றில்லை, பள்ளிக்கூடக் கட்டடம், சமையல்காரரின் உழைப்பு, மூட்டை உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் காட்டலாம். சந்தையில் தக்காளி விற்கிற அம்மாவிடம் ரசீது கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். நோட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

சரி, பணம் வந்துவிட்டது, பிள்ளைகள்? நான் இருந்த க்வேமோ கார்ட்லி பகுதியில் ஜார்ஜியக் குடும்பங்களும் அஜர்பைஜானி குடும்பங்களும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. இரண்டு பக்கமும் பெண் பிள்ளையை வெளியே இரவு தங்க அனுப்பப் பாட்டியின் சம்மதம் வேண்டும், அப்பா தலையாட்டினால் மட்டும் போதாது. ஒரு வீட்டில் தேநீர், அடுத்த வீட்டில் முரப்பா, இன்னொரு வீட்டில் வேண்டாம் என்றாலும் விடாமல் ஊற்றும் ஒயின் என்று சாயங்காலம் முழுக்க வீடு வீடாக உட்கார்ந்தோம். ராத்திரி யார் காவல், ஆம்பிளைப் பசங்க வருவாங்களா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா. மதுரையில் எங்கள் பாட்டி கேட்கிற அதே கேள்விகள். நான் பேசி எந்தப் பாட்டியும் மசியவில்லை, அந்த ஆசிரியை “என் மகளும் வருகிறாள், நானும் அதே அறையில்தான் படுப்பேன்” என்று சொன்ன வீடுகளில்தான் கதவு திறந்தது. தனியாகப் போய் முகாம் நடத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

முகாமில் முதல் நாள் மரத்தடியில் வட்டமாக உட்காரச் சொன்னேன், ஒரு பெண்ணும் உட்காரவில்லை. வெறுந்தரையிலோ கல்லிலோ உட்கார்ந்தால் குளிர் ஏறி, பின்னால் குழந்தை பிறக்காது என்பது அங்கே அசைக்க முடியாத நம்பிக்கை. நம் ஊரில் சூடு, அங்கே குளிர், அவ்வளவுதான் வித்தியாசம். வாதாடிப் பயனில்லை, கடையிலிருந்து அட்டைப்பெட்டிகளை வாங்கிவந்து பிரித்து ஆளுக்கொன்று போட்டோம், உடனே உட்கார்ந்துவிட்டார்கள். மாதவிடாய் பற்றிய வகுப்பில் இந்த நம்பிக்கையையும் பேசலாம் என்று வந்திருந்த செவிலியரிடம் கேட்டால், அவரே “ஆனாலும் கல்லில் உட்கார வேண்டாம்” என்றுதான் முடித்தார்!

பெயர் எழுதாமல் கேள்வி போடுகிற பெட்டி ஒன்று வைத்திருந்தோம். இரண்டு நாள் விளையாட்டுத்தனமான சீட்டுகள்தான் வந்தன. அப்புறம் பென்சிலில் ஒன்று: “வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள். எனக்குப் பதினாறு. சட்டம் என்ன சொல்கிறது?” பக்கத்து நகரத்திலிருந்து ஒரு பெண் வழக்கறிஞரை வரவழைத்தோம். 2017 முதல் 18 வயதுக்குக் கீழ் நீதிமன்ற அனுமதியோடுகூடத் திருமணத்தைப் பதிவு செய்ய முடியாது என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் ஒருவரும் நிமிரவில்லை. பதிவில்லாமல் நடத்திவிட்டால் என்ன செய்வது, யாரிடம் போவது என்று அவரிடம் கேட்டது ஆசிரியைதான். சீட்டு எழுதியது யார் என்று கடைசி வரை நாங்கள் தேடவில்லை. தேடியிருந்தால் அந்தப் பெட்டிக்குள் அடுத்த சீட்டு விழுந்திருக்காது.

அடுத்த கோடையில் ஆசிரியையே நகராட்சிக்கு மனு எழுதிச் செலவில் ஒரு பங்கை வாங்கிவிட்டார், வகுப்புகளையும் முந்தைய வருடம் வந்திருந்த பெரிய பெண்களே எடுத்தார்கள். எனக்குக் கிடைத்த வேலை சமையலறையில் வெங்காயம் நறுக்குவது.