தூரத்து அணிக்கு டிக்கெட் பக்கம் சீக்கிரம் திறந்த கதை

எங்கள் வேலைகளை எல்லாம் ரெட்மைன் என்ற மென்பொருளில்தான் பதிவு செய்கிறோம்; ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம், அதுதான் டிக்கெட். சர்வர் எங்களிடமே இருக்கிறது. கிட்டத்தட்ட 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அணி டிக்கெட்டுகளை அப்டேட் செய்வதே இல்லை என்று மேலாளர்களுக்குத் தீராத குறை. அலட்சியம் என்றார்கள். விசாரித்தால், அந்த அணி தங்களுக்கென்று ஒரு எக்செல் கோப்பு வைத்திருந்தது. வாரக் கடைசியில் ஒரே ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ரெட்மைனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அவரையே திரையைப் பகிரச் சொல்லி, பிரவுசரில் எஃப்12 அழுத்தி, எது வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தோம். ஒரு டிக்கெட் முழுசாகத் திறக்க எட்டு நொடிக்கு மேல் ஆனது. அதே பக்கத்தைத் தயாரிக்க சர்வருக்கு 200 மில்லிநொடிகூட ஆகவில்லை, சர்வரின் பதிவேடான லாகில் தெளிவாக இருந்தது. மீதி நேரம் அத்தனையும் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது.

இன்டர்நெட் வேகத்தைக் கூட்டச் சொல்லலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இதற்கு அது உதவாது. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். அவ்வளவு தூரம் போய்த் திரும்ப 100 மில்லிநொடி ஆகியே தீரும். கேபிள் வளைந்து நெளிந்து போவதால் உண்மையில் இன்னும் கூடும். புது இணைப்பு என்றால், இணைப்பைத் தொடங்கும் டிசிபிக்கு ஒரு முறை போய்வர வேண்டும், அதை ரகசியமாக்கும் டிஎல்எஸ் 1.2க்கு இன்னும் இரண்டு முறை. அதற்கப்புறம்தான் பக்கத்தையே கேட்க முடியும். சாலையை அகலப்படுத்தினால் ஊர் பக்கத்தில் வந்துவிடுமா?

பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) எந்த வழியாகப் போகின்றன என்று காட்டும் டிரேஸ்ரூட் போட்டதும் இன்னொன்று அகப்பட்டது. அவர்கள் அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் விபிஎன் வாசல் மூன்றாவது ஒரு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டும் அங்கே சுற்றிவிட்டுத்தான் எங்களிடம் வந்தது. பாதுகாப்புக் குழுவிடம் பேசி ரெட்மைனுக்கு மட்டும் நேர்வழி வாங்கினோம். இந்தப் பேச்சுவார்த்தைக்குப் போன நேரம்தான் மொத்த வேலையிலும் அதிகம். தொழில்நுட்பம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சர்வரின் நகல் ஒன்றை அங்கேயும் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. இரண்டு பக்கமும் எழுதினால் மோதல் வரும். படிக்க மட்டும் என்று வைத்தால், மாற்றம் நகலுக்கு வந்துசேரச் சற்று நேரமாகும்; இப்போது மூடிய டிக்கெட் அடுத்த நொடி திறந்தே இருப்பதாகக் காட்டும். ஒரு முறை அப்படிப் பார்த்தவர் மறுபடி எக்செலுக்குத்தான் போவார். வேண்டாம் என்று விட்டோம்.

கடைசியில் செய்தது எளிமையானது. அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு ப்ராக்ஸி, அதாவது நடுவில் நின்று கோரிக்கைகளை எங்கள் சர்வருக்குக் கடத்தும் சர்வர். அதற்கு என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள். பிரவுசர் பேசுவது அதனிடம் மட்டும், அதுவும் டிஎல்எஸ் 1.3, ஒரே இணைப்பில் பல கோப்புகளைக் கேட்க விடும் ஹெச்டிடிபி/2 வழியாக. அங்கிருந்து எங்கள் சர்வருக்கு இணைப்புகள் எப்போதும் திறந்தே இருக்கும். எங்கள் பதிப்பில் இது தானாக நடக்காது. என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில், பின்னால் இருக்கும் சர்வரைக் குறிக்கும் அப்ஸ்ட்ரீம் பகுதியில் கீப்அலைவ் (இணைப்பை மூடாமல் வைப்பது) என்று எழுதி, ஹெச்டிடிபி பதிப்பை 1.1 என்று வைத்து, கனெக்‌ஷன் ஹெட்டரையும் காலியாக்க வேண்டும். படங்கள், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் ப்ராக்ஸியில் சேமிப்பாகும். டிக்கெட் பக்கங்களைச் சேமிக்கவே கூடாது, ஒருவருடைய பக்கம் இன்னொருவருக்குப் போய்விடும்.

மாற்றிய அன்றே ஸ்கிரீன்ஷாட் ஏறவில்லை என்று புகார், அனுப்பியது அளவுக்கு மீறிப் பெரியது என்னும் 413 பிழை. என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்றவிடாது. அந்த வரம்பை உயர்த்தியதும் சரியானது.

டிக்கெட் இப்போது ஒன்றரை நொடிக்குள் திறக்கிறது. ஆனால் அந்த அணி அதைவிட மெச்சுவது வேறொன்றை: அறிவிப்பு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினால் அது டிக்கெட்டில் குறிப்பாகச் சேரும். ரெட்மைனில் முன்பே இருந்த வசதிதான், யாரும் இயக்கி வைக்கவில்லை. கெடு தேதிக்கு மட்டும் ஒரு விதி போட வேண்டியிருந்தது. ரெட்மைன் அதில் நாளை மட்டுமே வைக்கும், மணி கிடையாது. வேலையைச் செய்பவரின் ஊர் நேரப்படிதான் நாள் முடியும் என்று முடிவு செய்தோம்.

தேடல் இன்னும் மந்தம்தான். அது எங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கிறது, எனவே தூரத்தைக் குறை சொல்ல முடியாது. டேட்டாபேஸை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.