கரையை ஒட்டாத கப்பல்

தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டையை லெகோ பொம்மைக் கட்டிகளில் கட்டி முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்ததால் ஆறு மாதம் ஆகிவிட்டது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ் கடற்படைத் தளபதி ஓவே கெட்டே கட்டத் தொடங்கிய டென்மார்க் கோட்டை அது, நான் அடுக்கிய கட்டிகளும் 1932-இல் டென்மார்க்கின் பில்லுண்டில் தொடங்கிய கம்பெனியுடையவைதான். இந்தப் பொருத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

லெகோவின் கடற்கொள்ளையர் பொம்மை வரிசை 1989-இல் வந்தது. துறைமுகக் கோட்டை என்றாலே அந்த உலகம்தான் எனக்கு நினைவுக்கு வரும். பாறை, அதன் மேல் மதில், கீழே படகுத்துறை, அதை ஒட்டிப் பாய்மரக் கப்பல். நானும் அப்படியே மதிலுக்குக் கீழே பலகைத் துறை போட்டு, பெரிய கப்பல் ஒன்றைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தேன்.

பொறையாரிலிருந்து வந்த மாமா குனிந்து பார்த்துவிட்டு, "கப்பல் எப்படிடா இங்க வந்து நிக்கும்? தரை தட்டிடாது?" என்றார்.

அவர் சொன்னது சரி. நம் சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்க இயற்கைத் துறை கிடையாது. அந்தக் காலத்தில் கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் அலையைக் கடந்து சிறு படகில்தான் கரைக்கு வரவேண்டும். அதற்கென்றே மசூலா படகு இருந்தது. ஆணி அடிக்காமல் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள், அதனால் அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும்.

படகுத்துறையை அன்று இரவே பிரித்துவிட்டேன். அந்த இடம் முழுக்க அலை. பிளேட் என்பது லெகோவின் தட்டையான துண்டு. அதன் உயரம் 3.2 மில்லிமீட்டர், மூன்று சேர்ந்தால் ஒரு கட்டியின் உயரம், 9.6. கரையிலிருந்து கடலுக்குப் போகப்போக ஒவ்வொரு அலை வரிசையையும் ஒரு பிளேட் உயர்த்தி, முகட்டில் வெள்ளைச் சாய்வுக் கட்டிகளை வைத்து, நடுவில் கண்ணாடி நிற வட்டத் துண்டுகளை, கட்டிகளின் மேலிருக்கும் குமிழ் தெரியாமல் பரப்பினேன். கட்டுமரத்துக்குப் பழுப்பு நிறக் கம்பித் துண்டுகள் ஐந்தை அம்மாவின் தையல் நூலால் இரண்டு இடத்தில் கட்டினேன். லெகோவில் நூலா என்று கேட்பவர்கள் உண்டு, ஆனால் கட்டுமரத்தைக் கட்டாமல் வேறு எப்படிச் செய்வது?

பொம்மை வீரர்கள்தான் நல்லவர்கள், கொள்ளையர்கள் எதிரிகள் என்று லெகோவின் கடற்கொள்ளையர் பெட்டிப் படத்தைப் பார்த்தால் தோன்றும். இங்கே கதை வேறு. முகலாயரோடு பகை மூண்டு, 1642-க்குப் பிறகு தரங்கம்பாடி டேனியர்களே வங்காளக் கப்பல்களைப் பிடித்தார்கள். அதனால் என் கோட்டையில் கொள்ளையர் பொம்மையைத் தனியாக வைக்கவில்லை.

அப்புறம் படம். மயிலாடுதுறையில் எங்கள் மொட்டை மாடியில் சாயங்காலம் எடுத்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கோட்டையின் கொடிமரத்துக்கு மேலே வந்து நிற்கும். மார்கழி பிறந்ததும் ஒருநாள் காலை ஆறரைக்கு மேலே போனேன். பனி இறங்கி, தொட்டி, தென்னை எதுவும் தெரியவில்லை, பின்னால் வெறும் வெள்ளை. உள்ளங்கை அளவில் வேறொரு சின்னக் கப்பல் கட்டி வைத்திருந்தேன். அதை எட்டடி தள்ளிக் கைப்பிடிச் சுவர் மேல் நிறுத்தினேன். போனைக் கிட்டே வைத்தால் கோட்டை தெளிவாக விழுந்து கப்பல் கரைந்துபோனது, இரண்டடி பின்வாங்கி ஜூம் செய்ததும் இரண்டும் நின்றன. கண் மட்டம் பொம்மையின் கண் மட்டத்துக்கு வர ஈரத் தரையில் முழுசாகப் படுக்க வேண்டியிருந்தது. நிழல் விழும் பக்கத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்ப அப்பாவின் வெள்ளை வேட்டியை அம்மா பிடித்துக்கொண்டார்.

பதினேழாவது படத்தில் கிடைத்தது. பனிக்குள் கப்பல், மூன்று வரிசை அலை, நடுவே கட்டுமரம். மாமாவுக்கு அனுப்பினேன். "இப்ப சரி. துடுப்பு எங்கடா?" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.