தண்டம் அழுதால்தான் பாடம்

வருடக் கடைசியில் எங்கள் பள்ளிக்கூட கோஷ்டி திருச்சியில் கூடும். செந்தில் பெங்களூரிலிருந்து வருவான், பிரபா சென்னையிலிருந்து, பாஸ்கர் மும்பையிலிருந்து. ஜமாலும் முருகேசனும் நானும் உள்ளூர். கூடும்போது ஒவ்வொருத்தரும் அந்த வருடம் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தத்துவம் கூடாது. ஒருமுறை பாஸ்கர், "எதையும் எதிர்பார்க்காம இருந்தா ஏமாற்றமே இல்ல மச்சான்" என்று ஆரம்பித்தான். அன்றைய பில்லை அப்படியே அவன் தலையில் கட்டினோம். எதிர்பார்க்காமல்தான் இருந்தான், ஆனாலும் முகம் சுருங்கிவிட்டது.

அதிலிருந்து சட்டம் கடுமையாகிவிட்டது. சொல்கிற பாடம் மறுநாள் காலையில் வீட்டில் உபயோகப்பட வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பாடத்துக்காகச் சொல்பவர் கைக்காசைத் தண்டம் அழுதிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை ஒப்பிப்பவர்களுக்கு இங்கே இடமில்லை. யார் அதிகம் தண்டம் அழுதாரோ அவருடைய அன்றைய சாப்பாடு மற்றவர்கள் செலவு. கணக்கு எழுதும் உத்தியோகம் என்னுடையது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரில் எல்லாரும் நஷ்டத்தை மூடி மறைப்பார்கள். இங்கே ஒரு கொத்துப் பரோட்டாவுக்காக நஷ்டத்தைக் கூட்டிச் சொல்வார்கள். "ஆட்டோ காசையும் சேர்த்துக்கடா" என்று என் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள்.

இந்த முறை ஜமால் முதலில் ஆரம்பித்தான். முக்கொம்புக்குக் குடும்பத்தோடு போனவன், குனிந்து கால் கழுவும்போது சட்டைப்பையிலிருந்த போன் தண்ணீருக்குள் போய்விட்டது. எடுத்துத் துடைத்து, ஊரே சொல்கிற வைத்தியத்தைச் செய்திருக்கிறான். அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டான். போனை அணைக்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

மறுநாள் விடிகாலை ஐந்து மணி. அவனுடைய அம்மா இட்லி அரிசி டின்னா சாப்பாட்டு அரிசி டின்னா என்று இருட்டில் தடவிக்கொண்டிருந்தபோது, டின் உறுமியது. அலாரம். அதுவும் அதிர்வில் வைத்த அலாரம். பெருச்சாளி புகுந்துவிட்டது என்று அந்தம்மா போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் கம்போடு இறங்கி வந்துவிட்டார். அவர் டின் மேல் போட்ட போட்டில்தான் போன் திரை உடைந்தது என்று ஜமால் சத்தியம் செய்கிறான். ஆக, தண்ணீரில் பிழைத்த போன் வைத்தியத்தில் செத்தது.

ரிப்பேர் கடைக்காரர் சார்ஜ் போடும் ஓட்டைக்குள் ஊசியை விட்டு நோண்டி, ஒரு நொய்யை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பொன்னியா பாய்?" என்று கேட்டாராம். அப்புறம் அவரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அரிசி ஈரத்தை அப்படியொன்றும் உறிஞ்சிவிடாது. தூசியும் நொய்யும் உள்ளே போவதுதான் மிச்சம். ஆப்பிள் கம்பெனியே 2024-இல் தன் உதவிப் பக்கத்தில் 'போனை அரிசிப் பையில் போடாதீர்கள்' என்று எழுதிவிட்டது. செய்யவேண்டியது சுலபம்: உடனே அணைத்துவிட வேண்டும், சார்ஜ் போடக்கூடாது, ஓட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்ட வேண்டும், பிறகு காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் சும்மா கிடக்க விட வேண்டும். அந்தச் 'சும்மா'தான் யாருக்கும் முடிவதில்லை. போன் தண்ணீரில் விழுந்த செய்தியைச் சொல்வதற்கும் போன் வேண்டியிருக்கிறதே.

திரைக்கு நாலாயிரம் என்று எழுதிக்கொண்டேன். அந்த அரிசியையும் சேர்க்கச் சொன்னான். சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததால் சேர்க்கவில்லை.

செந்தில் விஷயம் இதைவிடப் பெரியது. திருச்சியில் மாவைக் கரைத்து வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் அது மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பெங்களூரில் டிசம்பர் ராத்திரி 15 டிகிரிக்குப் போய்விடும். மாவு வைத்தது வைத்தபடியே இருக்கும். புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி சுமாருக்கு வெதுவெதுப்பு வேண்டும், குளிரில் அவை வேலைநிறுத்தம். செந்திலின் அம்மா ஊரிலிருந்து போனில், "வெதுவெதுன்னு இருக்கிற இடமாப் பார்த்து வைப்பா" என்று சொல்லியிருக்கிறார். அவன் வீடெல்லாம் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஹாலில் இருந்த இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுத்தான். அதன் தலை எப்போதும் கதகதவென்று இருக்குமாம்.

முதல் நாள் அமோகம். பஞ்சு மாதிரி இட்லி. பக்கத்து வீட்டுத் தமிழர்களுக்கெல்லாம் இந்த ரகசியத்தைச் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரம் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பாத்திரத்தைக் கழுத்துவரை நிரப்பி வைத்தான். அன்று ராத்திரி கரண்ட் போய், இன்வெர்ட்டர் முழு மூச்சாக வேலை செய்து, இன்னும் கொதித்து, மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. மூடியைத் தள்ளிப் பொங்கி, பக்கவாட்டில் காற்றுக்காக விட்டிருக்கும் சந்துகள் வழியாக உள்ளே இறங்கிவிட்டது. நள்ளிரவில் 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே தோசை தீயும் வாசனை. விருந்தாளி ஒருவர் எழுந்து வந்து, "இந்நேரத்துக்கு எதுக்குங்க சிரமம்" என்றாராம்.

மறுநாள் மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் செந்திலைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். சர்க்யூட் போர்டு மேல் நாலைந்து உருண்டைகள், நன்றாக வெந்து, ஓரம் மட்டும் சிவந்து. வாரண்டி அட்டையில் ஈரம், பூச்சி, மின்னல் எல்லாவற்றுக்கும் விலக்கு போட்டிருந்தார்கள். மாவு என்று எங்கும் இல்லை. செந்தில் அதை வைத்துக் கொஞ்சம் வாதாடிப் பார்த்திருக்கிறான். எடுபடவில்லை. மொத்தம் ஒன்பதாயிரம்.

பாடம் என்னவென்றால், குளிர் ஊரில் இருப்பவர்கள் அணைத்துவைத்த ஓவனுக்குள் மாவுப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீரையும் வைத்துக் கதவை மூடிவிடலாம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, அடியில் ஒரு தாம்பாளம். இன்வெர்ட்டர் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். கையால் கரைத்தால்தான் புளிக்கும், கரண்டியால் கரைத்தால் புளிக்காது என்று முருகேசன் இடையில் ஆரம்பித்தான். அது கைராசிக் கணக்கு, இந்த நோட்டில் வராது என்று சொல்லிவிட்டேன்.

பிரபாவின் பாடம் கரண்ட் பில். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதும், அப்போது முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். 500 என்ற எல்லைக்கோட்டின் விவரம்தான் பலருக்குத் தெரியாது. 500-க்குள் நின்றால் 101-லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கு அப்போது குறைந்த கட்டணம். 501-ஐத் தொட்டால் அந்த நூறு யூனிட்டும் மேல்படிக்குப் போய், ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அதாவது அந்த ஒரு யூனிட்டின் விலை இருநூறு ரூபாய்க்கு மேல். பிரபா வீட்டில் 508.

அவளுடைய மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர். இந்த ரகசியம் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. தினமும் காலையில் காபிக்கு முன்னால் டார்ச் லைட்டோடு மீட்டர் பெட்டிக்குப் போவார். ரீடிங்கைத் தினசரிக் காலண்டரின் ராகுகாலத்துக்குக் கீழே எழுதுவார். ஏசியை 18-இல் வைக்கிற பேரனை உட்காரவைத்து, ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவிகிதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்வதை விளக்குவார். 2020-லிருந்து புது ஏசிகள் போட்டவுடன் 24-இல்தான் நிற்கும்படி வருகின்றன, அரசாங்கம் காரணமில்லாமலா செய்யும் என்பார். பேரன் 24-க்கு வந்துவிட்டான். அது உண்மையிலேயே வேலை செய்கிறது என்று பிரபாவும் ஒப்புக்கொள்கிறாள்.

ஆனால் கணக்கு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ரீடிங் 493-க்கு வந்துவிட்டது. மாமனார் கூடத்தில் எல்லாரையும் கூட்டினார். "ரெண்டு நாள் எல்லாரும் தாம்பரத்துல பெரியவன் வீட்டுக்குப் போயிடலாம்." பிரிட்ஜைக் காலி செய்து, மெயினை அணைத்து, குடும்பமே கிளம்பியது. வெறுங்கையோடு போக முடியுமா? ஸ்வீட், பழம், பூ, அண்ணன் பிள்ளைகளுக்குச் சட்டை, போகவர டாக்ஸி. இருநூற்றுச் சொச்சத்தைக் காப்பாற்ற மூவாயிரத்து இருநூறு ஆனது. மாமனார் இன்றுவரை இதை வெற்றியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பில் 495-இல் நின்றதல்லவா. தாம்பரம் அண்ணன் வீட்டில் அந்த முறை 500 தாண்டிவிட்டது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பாஸ்கர் சுருக்கமாக முடித்தான். ரயில் முன்பதிவு 120 நாளாக இருந்தது 2024 நவம்பர் 1-லிருந்து 60 நாளாகிவிட்டது. அது அவனுக்குத் தெரியும். அந்த 60-இல் பயண நாள் சேராது என்பதுதான் தெரியாது. ஒரு நாள் பிந்தி, காலை எட்டு மணிக்குக் குளித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். காத்திருப்போர் பட்டியலில் ஒரு கல்யாண மண்டபமே நின்றது. விமானத்தில் வந்தேன், பதினாலாயிரம் என்றான். எல்லாரும் வாயடைத்துப்போன நேரத்தில் ஜமால் மெதுவாக, "ஆபீஸ் மீட்டிங்னு சொல்லித்தானே வந்த?" என்று கேட்டான். பாஸ்கர் சால்னாவைக் கிளற ஆரம்பித்தான். நோட்டில் அடித்துவிட்டேன்.

நடுவில் சில்லறைப் பாடங்கள் வந்தன. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஈரத்துணியால் நீளவாக்கில் துடைத்துவிட வேண்டும், உள்ளே திரவம் இருக்கும் மட்டத்துக்கு உலோகம் குளிர்ந்திருப்பதால் அந்தப் பகுதி கடைசியாகக் காயும். மாத்திரை அட்டையை மருந்துக்கடையில் வெட்டித் தரும்போது, தேதி போட்ட பக்கம் அவர்களிடம் போகிறதென்றால் உடனே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கை சுட்டுக்கொண்டால் இட்லி மாவு, பேஸ்ட், மை எதையும் பூசாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். மாவு என்றதும் எல்லாரும் செந்திலைப் பார்த்தோம்.

என்னையும் ஒன்று சொல்லச் சொன்னார்கள். கைமாற்றுக் கொடுக்கும்போது நோட்டாகக் கொடுக்காதீர்கள், போனில் அனுப்புங்கள், குறிப்பு எழுதுமிடத்தில் 'கைமாற்று' என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள், தேதியோடு நிற்கும், கேட்பதற்கு வெட்கப்படும்போது அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பினால் அதுவே கேட்டுவிடும் என்றேன். மேசையில் திடீரென்று ஒரு அமைதி. ஒருத்தன் தண்ணீர் கேட்டான். இன்னொருத்தன் போன் வந்த மாதிரி எழுந்து போனான். நான் ஒருத்தனை மனதில் வைத்துத்தான் சொன்னேன். எழுந்தவன் அவனில்லை.

கடைசியாக முருகேசன். அவனுக்கு ஒரு நாள் காலையில் வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னால் சுவரில் கொடி, இந்தியில் ஒரு அதட்டல், பிறகு தமிழில் ஒரு அதட்டல். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், நீங்கள் 'டிஜிட்டல் அரெஸ்ட்'டில் இருக்கிறீர்கள், கேமராவை விட்டு நகரக்கூடாது, வீட்டில் யாரிடமும் பேசக்கூடாது. முருகேசனுக்கு வியர்த்துவிட்டது. கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டான். அடுத்து மொத்தப் பணத்தையும் 'சரிபார்ப்புக்கு' மாற்றச் சொல்லும் நேரத்தில், கொல்லைப்புறத்திலிருந்து அவன் மனைவியின் குரல்: "ஏங்க! தண்ணி வந்திருச்சு!"

தெருக்குழாயில் மூன்று நாளுக்குப் பிறகு வருகிற தண்ணீர். முருகேசன் எதையும் யோசிக்கவில்லை. கைது, காக்கி, கொடி எல்லாவற்றையும் மேசைமேல் விட்டுவிட்டு இரண்டு குடத்தோடு ஓடிவிட்டான். அந்தப் பக்கம், "சார்! சார்! எங்க போறீங்க? நீங்க அரெஸ்ட்ல இருக்கீங்க!" என்று கத்தியிருக்கிறார்கள். டிரம், அண்டா, வாளி எல்லாம் நிரப்பிவிட்டு முக்கால் மணி கழித்து வந்து பார்த்தால் வீடியோ கால் துண்டிக்கப்பட்டிருந்தது. தண்ணீர் பிடித்த தெளிவில் விஷயம் புரிந்துவிட்டது. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. போலீஸ்காரர் வீடியோ காலில் கைது செய்யவும் மாட்டார், பணம் கேட்கவும் மாட்டார். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போட்டுச் சொன்னான். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் அந்த எண்ணுக்குச் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. எவ்வளவு போனது என்று அந்தப் பக்கம் கேட்டபோது, "ஒரு ரூபாய்ங்க" என்று சொல்ல இவனுக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டதாம்.

இருந்த பாடங்களிலேயே பெரியது இதுதான், ஆனால் சட்டப்படி தண்டம் ஒரு ரூபாய். அவன் பயத்துக்கு ஏதாவது போட்டுக் கொடுக்கச் சொன்னான். பயத்துக்கு ரசீது இல்லை. செந்திலின் ஒன்பதாயிரம்தான் முதலிடம் என்று அறிவித்தேன். அவன் மனைவிக்குச் சந்தோஷச் செய்தி சொல்லலாம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டான். "எந்த இன்வெர்ட்டர்? அது தீபாவளிக்கே கெட்டுப்போய் மாத்தணும்னு மெக்கானிக் சொல்லிட்டுப் போனாரே" என்றார் அவர். செந்தில் ஸ்பீக்கரை அணைப்பதற்குள் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. ஜமால் தன் நாலாயிரத்தைச் சொல்லிக்கொண்டு எழுந்தான். செந்தில், உடைத்தது மாடி வீட்டுக்காரர்தானே, அது எப்படி உன் பாடம் என்றான். சர்வர் பில்லை யாரிடம் வைப்பது என்று தெரியாமல் பாஸ்கர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த நேரத்தில் பிரபாவின் போன் அடித்தது. மாமனார். எடுத்து, "ம்... ம்... சரிங்க மாமா" என்று வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"என்ன பிரபா?"

"491 ஆயிருச்சாம். ரெண்டு நாள் திருச்சியிலேயே இருந்துட்டு வரச் சொல்றாரு. மத்தவங்களும் வண்டி ஏறிட்டாங்களாம்டா. யார் வீட்டுல இடம் இருக்கு?"